இருப்பிடச் சரங்களைப் பகுப்பது: ரெஜெக்ஸா, சொந்தப் பகுப்பியா, பயோபைத்தனா?

கொழும்பில் மழைக்காலந்தோறும் டெங்கு பேசுபொருளாவதால், வெள்ளவத்தையில் வார இறுதிகளில் கூடிப் படிக்கும் எங்கள் குழு அந்த வைரசின் ஜென்பாங்க் (மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளம்) பதிவிலிருந்தே தொடங்கியது. வரிசையின் எந்தக் காரத்திலிருந்து (அதாவது எந்த மரபெழுத்திலிருந்து) எதுவரை ஒரு மரபணு உள்ளது என்று அப்பதிவு சொல்லும் குறிப்பே இருப்பிடச் சரம்; அதைத் துண்டுகளாகப் பிரித்து வாசிக்கும் நிரலே பகுப்பி. டெங்கு முதலாம் வகையில் புரதத்தைக் குறிக்கும் பகுதி 95..10273 என்ற ஒரே வீச்சாக இருப்பதால், இரண்டு எண்களையும் அவற்றுக்கிடையே உள்ள புள்ளிகளையும் பிடிக்கும் ஒற்றை வரி ரெஜெக்ஸே (எழுத்து வடிவங்களைத் தேடிப்பிடிக்கும் குறியீடு) போதுமானதாக இருந்தது.

கொரோனா வைரசின் ஜொயின்(266..13468,13468..21555), அதாவது இரு துண்டுகளை இணைக்கச் சொல்லும் சரம், வந்தபோது அந்த எளிமை நீடிக்கவில்லை. புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் ஓரிடத்தில் ஒரு காரம் பின்னே வழுக்குவதால் 13468ஆம் காரம் இருமுறை வாசிக்கப்படுகிறது. இதைப் பிழையென்று எண்ணி இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும் நிரலில், அதற்குப் பிந்திய அமினோ அமிலங்கள் அனைத்தும் தவறாகிவிடும். இதை ரெஜெக்ஸின் குற்றம் என்று சொல்வது நியாயமன்று. ஆனால் எதிரிழையைக் குறிக்கும் கொம்ப்ளிமென்ட்(ஜொயின்(2691..4571,4918..5163)) போன்று அடைப்புக்குள் அடைப்பு வரும்போது அதன் எல்லை தெரிந்துவிடுகிறது: பைத்தனின் ரெஜெக்ஸால் எத்தனை அடுக்கு வந்தாலும் எண்ணிச் செல்ல இயலாது, காற்புள்ளியில் வெட்டினாலோ அடைப்புகள் இரண்டாகப் பிளந்துபோகும்.

நாமே எழுதும் பகுப்பி, அதாவது அடைப்பு திறந்ததும் தன்னையே மீண்டும் அழைத்துக்கொள்ளும் செயற்கூறு, இந்த அடுக்குகளை இயல்பாகவே கையாளும். பிழையான சரம் வந்தால் எத்தனையாவது எழுத்தில் தடுக்கியது என்பதையும் அது சொல்லிவிடும்; பிற பதிவொன்றைச் சுட்டும் ஜே00194.1:100..202 என்பதில் பதிப்பெண்ணின் ஒற்றைப் புள்ளியையும் வீச்சின் இரட்டைப் புள்ளியையும் அதில் தெளிவாகப் பிரிக்கலாம். பைத்தன் அல்லாத மொழியில் வேலை செய்வோருக்கு என் பரிந்துரை இதுவே. எண்களை இனங்காணும் கடைசிப் படியில் மட்டும் ரெஜெக்ஸை வைத்துக்கொள்ளலாம்.

பைத்தனில் எழுதுவோர் அதன் உயிரியல் நூலகமான பயோபைத்தனையே எடுக்க வேண்டும். எதிரிழைத் துண்டுகளை உயிரியல் வரிசைக்கு மாற்றுவதையும், ஒன்றிலிருந்து எண்ணும் ஜென்பாங்க் முறையைச் சுழியத்திலிருந்து எண்ணும் முறைக்குக் கொண்டுவருவதையும் அது தானே செய்கிறது, 266..13468 அங்கே 265, 13468 ஆகிவிடும் (முடிவெண் வீச்சில் சேராது). எனினும் ஓரிடத்தில் கவனம் தேவை. ஃபை எக்ஸ் 174 என்னும் வைரசின் வட்ட மரபணுத்தொகையில் ஏ மரபணு ஜொயின்(3981..5386,1..136) என்று தொடக்கப்புள்ளியைக் கடந்து செல்கிறது, கூட்டு இருப்பிடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டால் நூலகம் 0, 5386 என்று தரும். அது மரபணு அன்று, முழு வைரசும் ஆகும். ஆகவே துண்டுகளை ஒவ்வொன்றாகவே வாசிக்க வேண்டும்.

டெங்கு, கொரோனா, ஃபை எக்ஸ் 174 ஆகிய மூன்று பதிவுகளையும் எந்தப் பகுப்பிக்கும் முதற் சோதனையாகக் கொடுக்கிறோம்: துண்டுகளின் நீளங்களைக் கூட்டினால் முறையே 10179, 21291, 1542 வர வேண்டும், மூன்றும் மூன்றால் மீதியின்றி வகுபடுபவை.