களியக்காவிளை சாயாக்கடையும் அமெரிக்க எலெக்‌ஷனும்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற சின்ன கடைதான், ஸ்ட்ராங் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் அருமை, தமிழ் பேப்பர் மலையாளப் பேப்பர் ரெண்டும் பெஞ்சுல கிடக்கும், ஆனா நான் அஞ்சு ஸ்டார் குடுக்குறது அங்க நடக்குற பேச்சுக்குத்தான். அமெரிக்காவுல சர்ச் சொல்ற ஆளுதான் ஜெயிப்பாருன்னு ஒரு அண்ணன் ஆரம்பிச்சாரு, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் விடல. 1928ல ஜனாதிபதி தேர்தல்ல நின்ன ஆல் ஸ்மித் கத்தோலிக்கர்ங்கிறதையே பெரிய பிரச்சனையாக்குனாங்க, தோத்துட்டாரு, 1960ல ஜெயிச்ச கென்னடியும் கத்தோலிக்கர்தான், அவரே தேர்தலுக்கு முன்னாடி ஹூஸ்டன்ல புராட்டஸ்டன்ட் பாஸ்டர்மார் முன்னாடி போய் நின்னு சர்ச் வேற அரசாங்கம் வேறன்னு விளக்கம் சொல்ல வேண்டி வந்துச்சு, அடுத்த கத்தோலிக்கரா பைடன் ஜெயிக்க 2020 ஆயிருச்சுன்னு வரிசையா சொன்னாரு. பதவிக்கு வர மதம் ஒரு தகுதியா இருக்கக் கூடாதுன்னு அவங்க அரசியல் சட்டத்துலயே இருக்காம், ஓட்டு போடுறவங்க மனசை எந்த சட்டம் கட்டும் சார்னு பக்கத்துல இருந்தவர் கேட்டது எனக்கு ரொம்ப சரின்னு பட்டுச்சு. வரிவிலக்கு வாங்குற சர்ச் எந்த வேட்பாளருக்கும் ஆதரவா பிரசாரம் பண்ணக் கூடாதுன்னு 1954ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, நல்ல விதி, நம்ம பக்கமும் கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ யாருக்கு ஓட்டுன்னு சொல்லாம இருந்தாலே போதும். இவ்வளவு பேசியும் யாரும் குரல் உயர்த்தல, எல்லா மதத்துக்காரங்களும் ஒரே பெஞ்சுலதான்.

கை கழுவுற இடத்தை மட்டும் கொஞ்சம் கிளீனா வைக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் உக்கார இடம் கிடைக்காது, சாயங்காலமா போங்க.