'64 ஜிபி' எம்பி3 ப்ளேயர் வாங்கினீர்களா? பாட்டு ஏற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள்

பெட்டியில் 64 ஜிபி. ப்ளேயரின் செட்டிங்ஸில் 64 ஜிபி. கணினியில் செருகினால் 59.5 ஜிபி காலி என்று காட்டுகிறது. உள்ளே இருந்ததோ 8 ஜிபி மெமரி.

தொடுதிரை, ப்ளூடூத், உள்ளங்கைக்குள் அடங்கும் மெட்டல் உடம்பு என்று பார்க்க லட்சணமாக இருக்கும் இந்த ரக ப்ளேயர்கள் கேள்விப்படாத பெயர்களில் ஆன்லைனிலும் கடைகளிலும் விற்கின்றன. அப்படி விற்கப்பட்ட ஒன்றைச் சோதித்தபோது தெரிந்ததுதான் இந்தப் பதிவு. வாங்கியவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. குட்டு வெளிப்பட்டது ஒன்பதாவது வாரம். திருப்பித் தருவதற்கான கெடுவோ ஏழு நாள்தான்.

ஏன் அவ்வளவு தாமதம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 320 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 12 எம்பி பிடிக்கும். உண்மையில் இருந்த 7.3 ஜிபியில் அப்படிச் சுமார் 650 பாட்டு அடங்கும். முதல் வாரத்தில் யாரும் 650 பாட்டு ஏற்றுவதில்லை. இருநூறு முந்நூறு ஏற்றுவோம், எல்லாம் அருமையாகப் பாடும், நல்ல பொருள் என்று நாலு பேருக்குச் சொல்லவும் செய்வோம். அந்த வாரத்தில் எழுதப்பட்ட ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் பொய்யல்ல. எழுதியவர்கள் இன்னும் எல்லையைத் தொடவில்லை, அவ்வளவுதான். அதனால் நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். 'பாதிப் பாட்டு ஓடவில்லை', 'ஃபோல்டர் பெயர் கிறுக்கலாக மாறிவிட்டது', 'ஃபார்மேட் கேட்கிறது' என்று புலம்பும் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள்.

இது எப்படி நடக்கிறது? மெமரி சிப்புக்கும் கணினிக்கும் நடுவில் கன்ட்ரோலர் என்ற சிறு சிப் உட்கார்ந்திருக்கிறது. 'உன்னிடம் எவ்வளவு இடம்?' என்று கணினி கேட்டால் பதில் சொல்வது அதுதான். அதற்குள் இருக்கும் மென்பொருளில் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் 8 என்பதை 64 என்று சொல்லும், 512 என்றும் சொல்லும். கணினி அதை அப்படியே நம்பும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மெமரியின் தொடக்கத்தில், அதாவது உண்மையான பகுதியில் இருப்பதால், பாட்டின் பெயர், அளவு, தேதி எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பாட்டு மட்டும் இருக்காது.

எல்லை தாண்டியதும் இரண்டில் ஒன்று நடக்கும். சில கன்ட்ரோலர்கள் புதிதாக வருவதை வாங்கி அப்படியே விட்டுவிடும். பாட்டைத் தட்டினால் 0:00 என்று நின்று அடுத்ததற்குத் தாவும். வேறு சில, சுற்றிக்கொண்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கும். இதுதான் கொடுமை, ஏனென்றால் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பாட்டுகளையும் அது தின்றுவிடும். ஒரு பாட்டின் பல்லவி முடிந்து சரணம் வரவேண்டிய இடத்தில் 'சர்ர்' என்று ஒரு இரைச்சல், அதன்பின் வேறொரு பாட்டின் நடுப்பகுதி. சோதித்த ப்ளேயரில் இதுதான் கேட்டது. சுற்றி வரும் எழுத்து அந்தப் பட்டியலையே அழித்துவிட்டால் ஃபோல்டர் பெயர்கள் கிறுக்கலாகும், கணினி ஃபார்மேட் செய்யச் சொல்லும்.

வாங்கியவர் இழந்தது ப்ளேயருக்குக் கொடுத்த காசை மட்டுமல்ல. கேசட்டிலிருந்து மாற்றி வைத்திருந்த வீட்டுப் பதிவுகளை 'காப்பி' செய்யாமல் 'கட்' செய்து ஒட்டியிருந்தார். அவற்றை அந்த ப்ளேயரிலிருந்து எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஏனென்றால் அவற்றின் மேலேயே வேறு பாட்டுகள் எழுதப்பட்டுவிட்டன. தயவுசெய்து எந்த ப்ளேயருக்கும், எந்த மெமரி கார்டுக்கும் 'கட்' செய்து ஃபைலை மாற்றாதீர்கள்.

இனி சோதனை. பொருள் வந்த அன்றே செய்யுங்கள், பாட்டு ஏற்றுவதற்கு முன். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' (h2testw) என்ற சிறிய இலவச மென்பொருள் போதும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு 'எஃப்3' (F3) இருக்கிறது. ப்ளேயரை முழுதாகச் சார்ஜ் செய்து, டேட்டா போகும் கேபிளில் இணையுங்கள். பெட்டியோடு வரும் கேபிள் சில சமயம் சார்ஜுக்கு மட்டுமே ஆகும். கணினியில் ப்ளேயர் ஒரு டிரைவ் எழுத்தோடு தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது எம்டிபி முறையில், அதாவது ஃபைல்களைக் காட்டினாலும் தனி டிரைவாகத் தெரியாத முறையில் இருக்கிறது. ப்ளேயரின் யுஎஸ்பி செட்டிங்ஸில் எம்எஸ்சி அல்லது மாஸ் ஸ்டோரேஜ் என்று மாற்றுங்கள். உள்ளே ஏதாவது மாதிரிப் பாட்டு இருந்தால் அழித்துவிட்டு, அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து, முழு இடத்துக்கும் எழுதிப் படித்துப் பார்க்கும் தேர்வைத் தட்டுங்கள். அது ஒவ்வொரு ஜிபியாக ஃபைல் எழுதிக்கொண்டே போகும், பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும்.

பொறுமை வேண்டும். மலிவு ப்ளேயர்களில் எழுதும் வேகம் விநாடிக்கு 5 எம்பி அளவில் இருந்தால், 64 ஜிபி எழுதவே மூன்றரை மணி நேரம் ஆகும். படிக்க இன்னும் நேரம். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள், கணினி ஸ்லீப்புக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பொருளானால் பிழையில்லாமல் முடிந்தது என்று வரும். சோதித்த ப்ளேயரில் வந்தது: 7.3 ஜிபி சரி, 52.2 ஜிபி இழப்பு. அந்தத் திரையை, ப்ளேயரும் பெட்டியும் சேர்ந்து தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். தேறிய பொருளானால் சோதனை ஃபைல்களை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றலாம்.

மெமரி கார்டு போடும் ப்ளேயரானால் கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் தனியாகச் சோதியுங்கள். ப்ளேயரோடு 'இலவசமாக' வரும் கார்டைக் கட்டாயம் சோதியுங்கள். கணினி இல்லாதவர்கள் ஓடிஜி கேபிளில் (யுஎஸ்பி பொருள்களைப் போனில் செருக உதவும் கேபிள்) போனிலிருந்து இடம் முழுக்க நிரப்பி, கழற்றி, மறுபடி செருகி, முதலில் ஏற்றிய இருபது பாட்டையும் கடைசி இருபதையும் முழுதாகக் கேளுங்கள். கழற்றாமல் கேட்டால் போன் தன் நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்து ஏமாற்றும்.

கடைக்காரர் சொல்லும் பதில்களையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 'கொஞ்ச இடம் சிஸ்டத்துக்குப் போகும்' என்பார்கள். அது உண்மை, ஆனால் அளவோடு. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. அதனால் 32 என்பது 29.8 ஆகவும், 64 என்பது 59.6 ஆகவும், 128 என்பது 119.2 ஆகவும் தெரியும். மென்பொருளுக்கு இன்னும் கொஞ்சம் போகலாம். 52 ஜிபி போகாது. 'ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்' என்பார்கள். ஃபார்மேட் பட்டியலைத்தான் புதிதாக எழுதும், இல்லாத சிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? 'உங்கள் கணினியில் வைரஸ்' என்பதற்குப் பதில், வேறு கணினியில் அதே சோதனையைச் செய்து காட்டுவது.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையில் வருகின்றன. பல மலிவு ப்ளேயர்களுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டுமே படிக்கத் தெரியும். அதனால் 'கார்டு இல்லை' என்று வந்தால் அது மோசடி அல்ல. ரூஃபஸ் போன்ற மென்பொருளில் ஃபேட்32 ஆக மாற்றினால் பெரும்பாலும் ஓடும். தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் பிரிந்தோ தெரிவதும் தமிழ் எழுத்துருவோ, எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதியோ இல்லாத குறைதான். ஃபைல் பெயரையும் டேகையும் (ஃபைலுக்குள் பதிந்திருக்கும் பாட்டு விவரம்) ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம். '128 ஜிபி வரை' என்று பெரிதாக அச்சிட்டு, அது கார்டு போட்டால்தான் என்பதை மூலையில் பொடி எழுத்தில் போடுவது மட்டும் மன்னிக்க முடியாதது. உள் மெமரி எவ்வளவு என்று விற்பவரிடம் சாட்டில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல பிராண்டின் 128 ஜிபி கார்டு ஒன்றின் விலைக்கே 128 ஜிபி ப்ளேயர் கிடைக்கிறதென்றால் திரை, பேட்டரி, ப்ளூடூத் எல்லாம் யார் வீட்டுக் காசு?

ஆப்பிளின் பழைய மியூசிக் ப்ளேயரை 'புத்தம் புதிய ஐபாட் கிளாசிக்' என்று சீல் வைத்த பெட்டியில் விற்பதும் இதன் பங்காளிதான். ஆப்பிள் அதை 2014 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இன்று வருபவற்றில் பெரும்பாலானவை பழைய போர்டுக்குப் புது மேல்மூடி போட்டவை. முதுகில் பொறித்த சீரியல் எண்ணும் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு மெனுவையும் நடுப்பட்டனையும் சேர்த்து அழுத்தி, ஆப்பிள் சின்னம் வந்தவுடன் நடுப்பட்டனையும் பின்செல்லும் பட்டனையும் அழுத்திப் பிடித்தால் சோதனை மெனு வரும். ஹார்ட் டிரைவ் பகுதியில் 'ரீஅலாக்ஸ்', 'பெண்டிங் செக்டார்ஸ்' என்று டிரைவில் பழுதான, பழுதென்று சந்தேகிக்கப்படும் இடங்களைச் சொல்லும் எண்கள் இரண்டும் சுழியமாக இருக்கவேண்டும். ஓடிய மணி நேரமும் அங்கே தெரியும். ஆயிரக்கணக்கில் இருந்தால் 'புதிது' என்ற பேச்சு முடிந்தது.

குட்டு வெளிப்பட்டால், 'பிடிக்கவில்லை' என்ற காரணத்தைத் தட்டாமல் 'விவரித்தபடி இல்லை' என்பதைத் தட்டித் திருப்புங்கள். ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். பில்லும் அந்தச் சோதனைப் படமும் கையில் இருக்கவேண்டும்.

பணத்துக்குப் பதில் வேறு ப்ளேயர் மாற்றித் தந்தால், அதுவும் அதே லாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். அன்றிரவே அதையும் சோதனையில் போடுங்கள்.