நிக்கோசியா ஹோம் கஃபே: இரண்டு சாவடிகளுக்கு நடுவே ஒரு காபிக் கடை

தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்கள், வடக்கே துருக்கிய சைப்ரஸ்காரர்கள் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவுக்குப் போகிறவர்கள் பலரும் லெட்ரா தெருவில் எல்லையைத் தாண்டிப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது, லெட்ரா பேலஸ் பக்கம் இருக்கிற ஹோம் கஃபேயில் ஒரு மதியமாவது உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பழைய நகர மதிலின் வாயிலான பாஃபோஸ் கேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கிரேக்க சைப்ரஸ் சாவடியைத் தாண்டினால் ஐ.நா. காவலில் உள்ள இடைவெளிப் பகுதி, துருக்கிய சைப்ரஸ் சாவடிக்கு முன்னாலேயே கடை வந்துவிடும், எதிரே குண்டுத் தழும்புகளோடு பழைய லெட்ரா பேலஸ் ஹோட்டல். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

காபி அந்த ஊர் முறைப்படி சின்னப் பாத்திரத்தில் பொடியோடு காய்ச்சியது. சர்க்கரையும் கூடவே கொதிப்பதால் எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அப்புறம் கேட்டால் ஆகாது. அடியில் மண்டி தங்கும், கடைசி மடக்கை விட்டுவிடுங்கள். சுட்ட ஹலூமி (அந்த ஊர்ப் பாலாடைக்கட்டி) வைத்த சாண்ட்விச் உப்பும் சூடுமாக நன்றாகவே இருந்தது.

சரி, சாப்பாட்டுக்காக மட்டும் இதை எழுதவில்லை. 1974 போரில் தீவு இரண்டானபின், 2003 ஏப்ரலில் சாவடிகள் திறக்கும்வரை சாதாரண ஜனங்கள் மறுபக்கத்தாரைப் பார்ப்பதே அபூர்வம். சமாதானத்துக்காக உழைத்தவர்கள்கூட அனுமதி வாங்கித்தான் எதிரே உள்ள அந்த ஹோட்டலில் கூடினார்கள், அனுமதி கிடைக்காவிட்டால் கூட்டமே கிடையாது. இரு சமூகத்து ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு வரலாற்று உரையாடல் சங்கம்தான், பாழடைந்து கிடந்த இந்தக் கட்டடத்தைச் சீராக்கி 2011இல் ‘ஹோம் ஃபார் கோஆபரேஷன்’ என்று திறந்தது. மேலே கூட்ட அறைகள், கீழே கஃபே. எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்காமல், இரு பக்கத்து ஆட்களும் ஒரு காபிக்காக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். எனக்கு அதுவே போதுமான காரணம்.

பக்கத்து மேசையில் இரு பக்க ஆசிரியர்கள் நாலைந்து பேர் காலண்டரை விரித்துவைத்து, மாணவர்களைச் சந்திக்க வைக்க ஒரு தேதி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் பேசியதால் எனக்கும் புரிந்தது. கிரேக்க சைப்ரஸ்காரர்களுக்கு ஈஸ்டர், துருக்கிய சைப்ரஸ்காரர்களுக்குப் பைராம் என்கிற ஈத் பண்டிகை, நடுவில் தேர்வுகள். 1974இல் துருக்கி ராணுவம் வந்திறங்கிய ஜூலை 20 என்றால் வடக்கில் கொண்டாட்டம், தெற்கில் விடியும் முன்பே சைரன் ஊதும் துக்க நாள், இப்படி இரண்டு காலண்டர்களும் எங்குமே ஒத்துப்போவதில்லை. ரொம்ப நேரம் மல்லுக்கட்டி ஒரு புதன்கிழமையைப் பிடித்தார்கள். இந்த வேலையை எந்தத் தலைவரும் உட்கார்ந்து செய்யப்போவதில்லை.

ஒரு விஷயம் உறுத்தியது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மறுபக்கத்தோடு பேச மனமுள்ளவர்கள்தான் என்று தோன்றியது. துருக்கிய சைப்ரஸ் சாவடியில் அடையாள அட்டை காட்டினால் அந்த ஆட்சியை ஏற்றதாகிவிடுமே என்று இன்றுவரை வடக்கே போகாத கிரேக்க சைப்ரஸ்காரர்கள் நிறையப் பேர், அவர்களைக் காபி இழுத்துவராது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை வகுப்போடு இங்கே வந்துவிடலாம். 2017இல் தொடங்கிய ‘இமாஜின்’ திட்டத்தில் அப்படி ஆயிரக்கணக்கான மாணவர்கள் சந்தித்திருக்கிறார்கள்.

மாலையில் வகுப்புகளும் நிகழ்ச்சிகளும் நடக்கும், நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். வழியில் ராணுவக் காவல் நிலைகளைப் படமெடுக்கக் கூடாது.