நேலப்பட்டா, ஏரிச் சாலையா, படகா? பூநாரைத் திருவிழாவில் எதைத் தேர்ந்தெடுப்பது

ஆந்திர எல்லைக்குள் சூலூர்பேட்டையில் நடக்கும் பூநாரை (ஃபிளமிங்கோ) திருவிழாவுக்குப் போகலாம் என்று முடிவுசெய்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கையில் ஒரு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கிறது?" நியாயமான கேள்வி. 2001-இல் தொடங்கிய விழா இது. 2020-க்குப் பிறகு சில ஆண்டுகள் நடக்காமல் போய், 2025 ஜனவரியில் மறுபடி நடந்தது. விழா ஒன்றுதான், ஆனால் இடம் ஒன்றல்ல. சூலூர்பேட்டை ஊருக்குள் மேடை, கடைகள், கலை நிகழ்ச்சிகள். வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். கிழக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ஏரிச் சாலையில் அடகானிதிப்பா. தெற்கே தடா பக்கம் பீமுலவாரிபாளையத்தில் படகு. மேற்கே மலையடிவாரத்தில் உப்பலமடுகு அருவி. ஐந்தையும் ஒரே நாளில் தொட்டுவிடலாம் என்று கிளம்பினால் பாதிப் பொழுது வண்டியிலேயே கழிந்துவிடும். பறவை பார்க்கப் போகிறவர் இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் நேலப்பட்டு, பிற்பகலில் ஏரிச் சாலை. படகில் போவது உங்கள் விருப்பம். ஆனால் பூநாரையைப் பார்ப்பதற்காகப் படகு ஏறாதீர்கள்.

நேலப்பட்டில் தொடங்குவோம். சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சரணாலயத்தின் உயிர் அந்த ஏரிதான். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரை பூனையோ நரியோ கூட்டை நெருங்க முடியாது. அதனால்தான் கூழைக்கடாக்கள் (பெலிக்கன்) ஆண்டுதோறும் இங்கே வந்து கூடு கட்டுகின்றன. கூடவே நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, சிறிய நீர்க்காகம் எல்லாம் அதே மரங்களில் இடம்பிடித்துக்கொள்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் தொடங்கும் இனப்பெருக்கம் மார்ச் வரை நீளும். விழா நடக்கும் ஜனவரியில் பெரும்பாலான கூடுகளில் குஞ்சுகள் இருக்கும்.

வேறு எங்கே போனாலும் இவ்வளவு அருகில் கிடைக்காத காட்சி ஒன்று இங்கே உண்டு. தாய்ப்பறவையோ தகப்பனோ இரையோடு வந்து இறங்கியதும் குஞ்சு தலையை மட்டுமல்ல, கழுத்தையும் சேர்த்துப் பெரிய பறவையின் தொண்டைப் பைக்குள் நுழைத்துவிடும். வெளியே தெரிவது குஞ்சின் உடம்பு மட்டும்தான். பெரியது குஞ்சை விழுங்குகிறதோ என்று முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் பதறிப்போவார்கள். பைக்குள் இருக்கும் அரைகுறையாகச் செரித்த மீனை அது தோண்டித் தின்கிறது, அவ்வளவுதான். அந்தத் தொண்டைப் பை விரிந்து நெளிவது சாதாரண பைனாகுலரிலேயே தெரியும்.

நேலப்பட்டின் பெரிய சாதகம் இதுதான். பறவைகள் கூட்டை விட்டு எங்கும் போய்விடாது. கரையில் நடந்தால் பார்த்துவிடலாம், பார்வைக் கோபுரத்தில் ஏறினாலும் பார்த்துவிடலாம். வழிகாட்டி சுமாரானவராக இருந்தாலும் வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். முதல் தடவை பறவை பார்க்கிறவர்கள், வயதானவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் என் பரிந்துரை இதுதான். விழா நாளில் விடப்படும் பேருந்தில் வந்தாலும் இங்கே குறைவில்லை.

சிக்கல் கூட்டம்தான். காலை 10 மணிக்கு மேல் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்துவிடும். பிள்ளைகள் வருவதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் வரவேண்டும், இந்த விழாவின் மிகப் பெரிய நன்மையே அதுதான். ஆனால் நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கரையில் ஓடும்போது பறவையின் குரல் எதுவும் காதில் விழாது. வாயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. காலையில் கூழைக்கடாக்கள் கூட்டிலும் மரத்திலும் இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் வெப்பக்காற்றில் வட்டமடித்து உயர்ந்து, இரை தேடிப் பழவேற்காடு ஏரிப் பக்கம் பறக்கும். இறக்கையை அசைக்காமலே அந்தக் கனத்த உடம்பு மேலே மேலே போவதைப் பார்க்க 9 மணிக்கு மேல் அங்கே இருந்தால் போதும். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் அதே திசையில் கிளம்பலாம்.

அப்புறம் ஏரிச் சாலை. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா வரை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது இந்தச் சாலை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர், அல்லது தண்ணீர் வற்றிய சேறு. சதீஷ் தவான் விண்வெளி மையத்துக்குப் போகும் வண்டிகள் வேகமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

விழாவுக்குப் பெயர் கொடுத்த பூநாரையைப் பார்க்கச் சிறந்த இடம் இதுதான். ஆனால் நேலப்பட்டு போல இது தட்டில் வைத்துத் தராது. பூநாரைகள் சில நாள் சாலைக்குப் பக்கத்தில் மேயும், சில நாள் தொடுவானத்தில் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். வெள்ளை என்றுதான் சொல்கிறேன், இளஞ்சிவப்பு இல்லை. சுவரொட்டியில் பார்த்த ரோஜா நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம்மிடம் வரும் பெரிய பூநாரை இறக்கையை மூடி நிற்கும்போது தூரத்துக்கு வெள்ளையாகவே தெரியும். இளம்பறவைகள் அழுக்குச் சாம்பலாக இருக்கும். பொறுத்திருங்கள். கூட்டத்தில் ஒன்று சோம்பல் முறிப்பதுபோல இறக்கையை விரிக்கும். உள்ளே மறைந்திருந்த செந்நிறமும் அதன் ஓரத்தில் கன்னங்கரேலென்ற சிறகுகளும் ஒரு நொடி தெரிந்து மறையும். அந்த நிறத்தின் மூலம் அவை தின்னும் இறாலினத்துச் சிற்றுயிர்களிலும் பாசியிலும் இருக்கிறது. தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி வடிகட்டித் தின்கிற பறவை அது. நல்ல ஸ்கோப் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) கிடைத்தால் தொண்டை துடிப்பதைக்கூடப் பார்த்துவிடலாம்.

வழிகாட்டி யார் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. நேலப்பட்டில் கண்ணே போதும். ஏரிச் சாலையில், சேற்றில் ஓடும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் மூக்கன்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்ட ஆள் வேண்டும். எல்லாம் பழுப்பாகத்தான் இருக்கும். கால் நிறம், அலகின் நீளம், நடக்கிற விதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தரும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் "சரி, கிளம்பலாம்" என்று தோன்றிவிடும். தன்னார்வலரோ வனத்துறைக்காரரோ முக்காலியில் ஸ்கோப்பை நிறுத்திவைத்திருந்தால், அவர் பக்கத்திலேயே இடம்பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் நேலப்பட்டுக்குத் தாராளம். இந்தச் சாலைக்குப் போதாது.

சூரியனையும் கணக்கில் எடுங்கள். சாலை ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஜனவரியில் சூரியன் நாள் முழுதும் தெற்கே சாய்ந்தே இருக்கும். அதனால் சாலையின் தென்புறத்தைப் பார்த்தால் கண் கூசும், பறவை வெறும் நிழலாகத் தெரியும். வடபுறத்தைப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவைமேல் விழும். படம் எடுக்கிறவர்கள் மட்டுமல்ல, சும்மா பார்க்கிறவர்களும் வடக்கைப் பார்த்து நின்றால் பாதிக் குழப்பம் தீரும். பிற்பகல் 3 மணிக்கு மேல் வெயில் இறங்கியதும் கானலும் அடங்கிவிடும். ஸ்கோப்பில் உருவம் ஆடாமல் நிற்கும். நேலப்பட்டைக் காலைக்கும் சாலையைப் பிற்பகலுக்கும் நான் ஒதுக்குவது இதனால்தான்.

நேலப்பட்டுக்குப் பேருந்து போதும் என்றேன். சாலைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பேருந்து அடகானிதிப்பாவில் இறக்கிவிட்டால் அன்று பறவை எங்கே இருந்தாலும் உங்கள் இடம் அதுதான். சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால் பறவை இருக்கும் இடத்தில் பாதுகாப்பாக ஓரங்கட்டலாம். இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளிருந்தே பாருங்கள். நடந்துவரும் மனிதரைப் பார்த்து எழும் பறவை, நின்றுவிட்ட காரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது.

படகுக்கு வருவோம். விழாவில் நீளமான வரிசை நிற்பது பீமுலவாரிபாளையத்தில்தான். அகன்ற நீர்ப்பரப்பு, காற்று, நீரில் நட்ட கம்புகளில் இறக்கையை உலர்த்தும் நீர்க்காகங்கள், தலைக்கு மேல் ஆலாக்கள், செம்பருந்து. அருமையான பயணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பூநாரைக்கு வேண்டியது அதன் கால் தரையில் பாவும் அளவு ஆழம் குறைந்த நீர். படகுக்கு வேண்டியது அடி தட்டாத ஆழம். இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். படகுக்காரர் உங்கள் ஆசைக்காக இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் என்ன ஆகும்? கூட்டம் மொத்தமும் எழும். சிவப்பு அலை போலப் பறக்கும், கைதட்டல் கேட்கும், எல்லோர் செல்போனிலும் படம் பதிவாகும். குஜராத்தின் கட்ச் போன்ற தொலைவான இனப்பெருக்க இடங்களிலிருந்து மேய்ச்சலுக்காக இங்கே வந்து சேர்ந்த பறவைகளை, தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டிய பருவத்தில், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எழுப்பி விரட்டுவது கொடுமை. "கிட்டே போகவேண்டாம் அண்ணா" என்று படகில் ஒருவர் சொன்னால் போதும், பெரும்பாலான படகுக்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

உப்பலமடுகு வேறு வகை ஆட்களுக்கான இடம். காட்டுப்பாதை, பாறை, அருவி. நடக்கப் பிடித்தவர்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போகலாம். நீர்ப்பறவைக்காக வந்தவர்கள் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

விழாவுக்கே போகவேண்டுமா, சாதாரண நாளில் போனால் என்ன என்றும் கேட்பார்கள். பைனாகுலர் கையாளத் தெரிந்தவர், சொந்த வண்டி உள்ளவர், பறவைப் பெயர்கள் ஓரளவு அறிந்தவர் என்றால் விழாவுக்கு முந்திய வாரமோ பிந்திய வாரமோ ஒரு வேலைநாளில் போங்கள். அதே பறவைகள், கால்வாசிக் கூட்டம்கூட இருக்காது. இதுவே முதல் தடவை என்றால் விழாதான் சரி. ஸ்கோப்பும், விளக்கிச் சொல்ல ஆளும், போய்வர வண்டியும் ஒன்றாகக் கிடைப்பது அந்த நாட்களில்தான். சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயிலே இருக்கிறது.

எல்லை தாண்ட விரும்பாதவர்களுக்கு இதே ஏரியின் தென்கோடியில் பழவேற்காடு இருக்கிறது. பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் போதும். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், மீன் சந்தை, கலங்கரை விளக்கம் என்று பறவையைத் தாண்டியும் ஒரு நாளுக்கு விஷயம் உண்டு. ஆனால் அங்கே கரையிலிருந்து பறவை பார்க்க ஸ்ரீஹரிகோட்டா சாலை போன்ற வசதி கிடையாது. எல்லோரும் படகையே நாடுகிறார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன ஏரி அது. உயிர்காப்பு உடை இல்லாத படகில், யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், ஏறவே ஏறாதீர்கள்.

தென்சென்னை, செங்கல்பட்டுக்காரர்களுக்கு வேடந்தாங்கல் பக்கம். நேலப்பட்டைப் போலவே நீர்க்கடம்பு நிற்கும் ஏரி, கரையில் நடைபாதை, கோபுரம். 1798-லேயே பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்ட ஊர்மக்களின் இடம் அது. வேடந்தாங்கலை ஏற்கெனவே நன்றாகப் பார்த்தவர் நேலப்பட்டுக்கு அரைமணி நேரம் மட்டும் கொடுத்துவிட்டு மீதி நாளை ஏரிச் சாலைக்கே கொடுக்கலாம். வேடந்தாங்கலில் கிடைக்காத பூநாரைக் கூட்டமும் சேற்றுப் பறவைகளும் அங்கேதான் இருக்கின்றன.

இத்தனையையும் மாற்றிப்போடக்கூடியது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடித்துக் கொட்டியிருந்தால் ஜனவரியில் பழவேற்காடு ஏரி ததும்பும். ஆழம் கூடிய இடத்தில் பூநாரை மேயாது. கூட்டம் சிதறி ஓரங்களுக்குப் போய்விடும். அந்த ஆண்டு நேலப்பட்டுக்கு முழுநாளும் கொடுங்கள். சாலையைப் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள், நீர் வற்ற வற்றப் பறவை கிட்டே வரும். மழை பொய்த்த ஆண்டில் நேர்மாறு. நேலப்பட்டு ஏரி நிரம்பாவிட்டால் கூழைக்கடா கூடு கட்டத் தயங்கும், வெறும் மரங்களைத்தான் பார்க்க நேரும். அப்போது காலையிலேயே நேராகச் சாலைக்குப் போய்விடலாம். விழாத் தேதி வெளியானதும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னால், அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையாவது கேட்டு இரண்டு ஏரிகளிலும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.