இலவசத் தண்ணீர் டெஸ்ட் என்று வீட்டுக்கு வருகிறார்களா? நான் ஏமாந்த கதையைப் படித்துவிட்டுக் கதவைத் திறங்கள்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. பள்ளியில் மின்னாற்பகுப்பு (கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பொருள்களைப் பிரிக்கும் முறை) படித்து, பரீட்சையில் படம் வரைந்து மார்க்கும் வாங்கியவன் நான். அதே மின்னாற்பகுப்பை என் வீட்டு மேஜைமேல் செய்துகாட்டி, ஒருவர் என்னிடமே பணம் வாங்கிக்கொண்டு போனார்.

ஆள் வருவதற்கு முன்பே பயம் வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "குழாய்த் தண்ணீரில் குளோரின், ஃபுளோரைடு, ஈயம். மெல்லக் கொல்லும் விஷங்கள்!" மூன்றையும் ஒரே வரியில் கட்டியிருந்தார்கள். கிருமியைக் கொல்ல வேண்டுமென்றே போடுவது குளோரின். ஃபுளோரைடு அளவைப் பொறுத்தது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் மட்டும்தான் உண்மையிலேயே துளியும் வேண்டாத சரக்கு. இந்த வித்தியாசமெல்லாம் அப்போது எனக்கும் தோன்றவில்லை. அம்மா இரண்டு வாரமாக டம்ளரை முகர்ந்து பார்த்துத்தான் குடித்தாள். அந்த நேரம் பார்த்து, "இலவசமாகத் தண்ணீர் பரிசோதனை செய்து தருகிறோம்" என்று ஒரு போன். வரச்சொன்னேன்.

வந்தவர் ரொம்ப மரியாதையானவர். முதலில் பேனா மாதிரி இருந்த டிடிஎஸ் மீட்டரை எங்கள் தண்ணீரில் விட்டார். 340 காட்டியது. அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் 18. "பாருங்க சார், 340 பங்கு அழுக்கு." அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் கணக்குப் போட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம், சோடியம் உப்புகள். 600-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குடிக்க நன்றாகவே இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது.

அப்புறம் இரண்டு டம்ளர்களில் குழாய்த் தண்ணீர் பிடித்தார். ஒன்றில் அம்மாவை விரல்களை விட்டுக் கொஞ்ச நேரம் கலக்கச் சொன்னார். பிறகு இரண்டிலும் ஏதோ சொட்டு மருந்து விட்டார். விரல் விடாத டம்ளர் பளிச்சென்று மஞ்சளானது. விரல் விட்டது நிறம் மாறவே இல்லை. "குளோரின் எங்க போச்சு தெரியுமாம்மா? உங்க தோல் வழியா உடம்புக்குள்ள போயிடுச்சு." அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குளோரின் எங்கும் போகவில்லை. விரலில் இருக்கும் வியர்வை, எண்ணெய்ப் பசை, செத்த தோல் ஆகியவற்றோடு வினைபுரிந்து டம்ளருக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. அந்தச் சொட்டு மருந்து நீச்சல் குளத்தில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுவது. குடிதண்ணீரிலும் மஞ்சள் வந்தால் நல்லது. வீட்டுக் குழாய்வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சி வர வேண்டும் என்றுதான் விதியே வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டோடு விட்டிருந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். மூன்றாவதில் விழுந்துவிட்டேன். நான்கு உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு கருவி. இரண்டு கம்பி எங்கள் டம்ளரில், இரண்டு அவர் டம்ளரில். பிளக்கைச் செருகினார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, சாக்கடை மாதிரி கசடு மிதந்தது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தாம்மா இத்தனை வருஷமா குடிச்சீங்க." "ஐயோ தம்பி..." என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது, ஒரு ஜோடி அரித்து மெலிந்து போயிருந்ததைக் கவனித்தேன். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மெஷின் வந்தது. முதல் சர்வீஸ் நாளைத் தள்ளிப்போட்டார்கள், இரண்டாவதுக்குப் போனையே எடுக்கவில்லை. தண்ணீரில் லேசாக வாடை வர, மூடியைக் கழற்றிப் பார்த்தால் சேமிப்புத் தொட்டியின் உட்பக்கம் கொழகொழவென்று வழுக்கல். நியாயம்தான், குளோரினை எடுத்துவிட்ட தண்ணீர் சுத்தம் செய்யாத தொட்டியில் நாள்கணக்காக நின்றால் கிருமி வளராமல் என்ன செய்யும்? இல்லாத விஷத்துக்குப் பயந்து, இருந்த காவலையும் நானே எடுத்திருக்கிறேன்.

வேதியியல் படிக்கும் அக்கா மகளிடம் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டு இரண்டு இரும்பு ஆணிகளும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் கேட்டாள். (பேட்டரிதான், வீட்டு மின்சாரத்தில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.) மெஷின் தண்ணீரில் விட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினாள். சிறிது நேரத்தில் அதே பச்சை, அதே பழுப்பு, அதே கசடு. "மாமா, இது தண்ணீர்ல இருந்த அழுக்கு இல்ல. ஆணி கரையுது." உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, இரும்பும் அவ்வளவாகக் கரையாது. அந்த மெலிந்த கம்பிகள் எத்தனை வீட்டு மேஜைகளில் கரைந்தனவோ.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு விஷயத்தில். தண்ணீரில் நிஜமாகவே ஆபத்தான ரசாயனம் இருக்கும் இடங்கள் உண்டு. வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகளின் தெளிந்த, வாடையில்லாத தண்ணீரைப் பல ஆண்டுகள் மக்கள் குடித்த பிறகு, 1990-களில்தான் அதிலிருந்த ஆர்செனிக் என்ற நச்சின் பரவல் தெரிந்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரித்துப்போவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. அங்கெல்லாம் இவருடைய பெட்டி என்ன சொல்லியிருக்கும்? ஆர்செனிக்குக்கு வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் டிடிஎஸ் மீட்டரில் ஓர் எண்கூட நகராது. நைட்ரேட்டோ பூச்சிமருந்தோ கிருமியோ, எதையும் அந்தக் கம்பி தனியாகக் காட்டாது. ஆபத்தில்லாத தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்துகிற அதே பெட்டி, ஆபத்தான தண்ணீரை நல்லது என்றும் சொல்லிவிடும்.

கடைசியில் ஆய்வகத்தில் பாட்டில் வாங்கி, அவர்கள் சொன்ன முறையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஈயம், ஆர்செனிக், நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி என்று தனித்தனியாக எண் போட்ட அறிக்கை வந்தது. கடினத்தன்மை கொஞ்சம் அதிகம், மற்றதெல்லாம் வரம்புக்குள். கெட்டிலில் வெள்ளையாகப் படிவது அந்தக் கடினத்தன்மையைத் தரும் உப்புகள்தான்.

அறிக்கையோடு நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். "செய்முறை விளக்கம் விழிப்புணர்வுக்காக மட்டுமே, இது நீர்ப் பரிசோதனை அல்ல" என்று பொடி எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் தாளைத் திருப்பிப் பாருங்கள். புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

மெஷினைக் கழற்றியாயிற்று. அம்மா மட்டும் குழாய்த் தண்ணீரைத் தொடுவதில்லை. அறிக்கையை வரி வரியாகப் படித்துக் காட்டினேன், ஆணி சோதனையையும் செய்துகாட்டினோம். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரிடா, ஆனா அன்னிக்கு அது பழுப்பானதை என் கண்ணால பார்த்தேனே" என்கிறாள்.