ஓசிடிக்கு ஆப்பில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் எனக்கு ஓசிடி தொடங்கியது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஏதாவது ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை இது. வெங்காயம் நறுக்கும்போது, 'இந்தக் கத்தியால் பிள்ளையைக் குத்திவிட்டால்?' என்று ஓர் எண்ணம். உடம்பே நடுங்கிவிட்டது. அன்றே கத்தி, அரிவாள்மனை எல்லாம் பரணுக்குப் போயின. யாரிடமும் சொல்ல பயம். வீட்டிலிருந்தே பேசலாமே என்று ஓர் ஆப்பில் 12 அமர்வுகளுக்கு 18,000 ரூபாய் கட்டினேன்.

அந்த ஆலோசகர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் நோய்க்குத் தீனி போட்டது. கையில் ரப்பர் பேண்ட் மாட்டி, எண்ணம் வரும்போதெல்லாம் இழுத்துச் சுண்டச் சொன்னார். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். எண்ணத்தை அடக்க அடக்க அது திரும்பி வரும் என்று 1987இலேயே உளவியலாளர் டேனியல் வெக்னர் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்.

'எந்நேரமும் சாட்' வசதி அதைவிட மோசம். இரவு 2 மணிக்கு 'நான் கெட்ட தாயா?' என்று கேட்பேன். 'இல்லவே இல்லை' என்று பதில் வரும். பத்து நிமிடம் நிம்மதி, மறுபடி கேட்பேன். திரும்பத் திரும்பக் கை கழுவுவதைப் போல இப்படி ஆறுதல் கேட்பதும் ஓசிடியின் செயல்தான். அது அவருக்குத் தெரியவே இல்லை. ஆறாவது அமர்வில், "கொஞ்ச நாள் குழந்தையோட தனியா இருக்காதீங்க" என்றார். நான் உடைந்துபோனேன். பால் கொடுக்கக்கூட அம்மா பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் விசாரித்தேன். அந்த ஆலோசகர் படித்தது சில வாரச் சான்றிதழ் படிப்புதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஆர்சிஐயில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அவருக்குப் பதிவு கிடையாது. மீதிப் பணத்தைக் கேட்டால் 'பேக்கேஜுக்கு ரீஃபண்ட் இல்லை' என்று ஒரே வரி.

ஆன்லைன் சிகிச்சையைக் குறை சொல்லவில்லை. இப்போது என்னைப் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் வீடியோவில்தான் பேசுகிறார். முதலில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்துவரச் சொன்னார். இந்த மாதிரி எண்ணங்கள் ஓசிடி இல்லாதவர்களுக்கும் வரும், அவர்கள் அதைப் பெரிதுபடுத்தாமல் கடந்துவிடுகிறார்கள் என்று விளக்கினார். பிறகு ஈஆர்பி. பயப்படும் சூழலை வேண்டுமென்றே எதிர்கொண்டு, பதற்றத்தைத் தணிக்கும் செயல்களைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை அது. மகள் பக்கத்துத் தொட்டிலில் இருக்க, நான் கத்தியை எடுத்துக் காய் நறுக்க வேண்டும். எண்ணம் வந்தால் வரட்டும், யாரிடமும் ஆறுதல் கேட்கக் கூடாது. முதல் நாள் ஒரே ஒரு கேரட்டுக்கு இருபது நிமிடம் ஆனது. போன வாரம் சாம்பாருக்கு மொத்தக் காயும் நறுக்கினேன்.

பணம் கட்டும் முன் ஆர்சிஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். 'ஈஆர்பி எப்படிச் செய்வீர்கள்?' என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.