எங்கள் வீட்டில் ஓராண்டாக மக்களைத் தேடி மருத்துவம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் தாயாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் கிராமம் காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையை ஒட்டியது. நிமிர்ந்து உட்கார முடியாத ஒருவரை வாடகைக் காரில் ஏற்றி வேலூருக்குப் போய்வர ஒரு நடைக்கு 1,500 ரூபாய் ஆனதால், மூன்றாவது வாரமே துணை சுகாதார நிலையத்தில் மருத்துவமனைச் சீட்டைக் காட்டி, வீட்டுக்கே வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்தோம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் மருந்தும் மருத்துவ மேற்பார்வையும் சுகாதாரத் துறையுடையவை. வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர்களோ மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழுள்ள சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். இரண்டு துறைகள் கூடிச் செய்யும் வேலை என்றாலே கோப்பு இங்கும் அங்கும் அலையும் என்று நினைப்பவன் நான். ஆனால் எங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலர், என் தாயார் பல ஆண்டுகள் சந்தா கட்டிய அதே குழுவைச் சேர்ந்தவர். என் தாயாரை அத்தை என்றே கூப்பிடுவார். நான்கு நாளாக மலம் போகவில்லை என்பதை மகனாகிய என்னிடம் மறைத்த தாயார், அவர் வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

இந்தச் சேவையின் மதிப்பை நான் உணர்ந்தது ஒரு மாத்திரை அட்டையால். மருத்துவமனைச் சீட்டில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை அதன் வணிகப் பெயரில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த மாத்திரையிலோ அம்லோடிபின் என்று இருந்தது. இரண்டும் வேறு வேறு மருந்து என்று எண்ணி ஒன்பது நாள் இரண்டையும் கொடுத்தோம். அடுத்த முறை வந்த தன்னார்வலர் கையில் பட்டையைச் சுற்றி அளந்தபோது 96/60 என்று மிகத் தாழ்வாகக் காட்டியது. இயந்திரத்தைக் குறை சொல்லாமல் மறுபடி அளந்தார். பிறகு மருந்துப் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "அண்ணா, ரெண்டும் ஒரே மாத்திரைதான், பேருதான் வேற" என்றவர் அங்கிருந்தே மருத்துவ அலுவலரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டு ஒன்றை நிறுத்தச் சொன்னார். தனியார் மருத்துவமனைக்கும் அரசு மருந்தகத்துக்கும் நடுவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரே கலந்தாய்வு அதுதான்.

இதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையாளரின் வேலையும் நேர்த்தியானது. வாசல்காலில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தூக்கச் செய்தார். தட்டில் துவரம்பருப்பைக் கொட்டி, இடது கை விரல்களால் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடச் சொன்னார். முதல் மாதம் ஒரு பருப்பும் நகரவில்லை. பொங்கலுக்குள் முப்பதைத் தாண்டினார். ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே சிகிச்சையாளர் என்ற அமைப்பில் அவர் அடிக்கடி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சொல்லிக்கொடுத்ததை வீட்டார் தினமும் செய்யவைக்கும் குடும்பங்களுக்கே இது பயன்படும்.

இந்தத் திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. வேலூர்ப் பக்கத்து வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது; மக்களைத் தேடிப் போகும் மருத்துவம் இங்கே பழையது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை கே.வி.குப்பம் வட்டாரத்தில் ரூசா என்ற கிராமப்புறச் சுகாதார மையத்தைத் தொடங்கிக் கிராமங்களுக்குள் நடக்க ஆரம்பித்தது 1977இல். ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

குறை என்றால், மூன்றாவதாக ஒரு துறை வரவேண்டிய இடத்தில்தான். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக நாங்கள் ஏறி இறங்கிய அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓராண்டாக எங்கள் வீட்டில் எடுத்த குறிப்புகள் அத்தனையும் தன்னார்வலரின் கைப்பேசிச் செயலியில் இருக்கின்றன; அங்கே அவற்றைக் கேட்பாரில்லை. முதல் நடையில் மருத்துவர் இல்லை, இரண்டாவதில் புகைப்படத்தின் அளவு சரியில்லை, மூன்றாவதில் இணையம் வேலை செய்யவில்லை. மூன்று முறையும் வாடகைக் கார். மூன்று முறையும் தாயார் மரத்தடியில் படுத்திருந்தார். வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்க முடிந்த அரசால், அந்தக் குறிப்பை இன்னொரு மேசைக்கு அனுப்ப முடியாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமைகளைத் தாராளமாகவே எழுதிவைத்திருக்கிறது.

வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் தயங்காமல் பதிந்துகொள்ளுங்கள். தனியார் மருந்தையும் அரசு மருந்தையும் ஒரே பையில் வைத்து, வருபவரிடம் மொத்தமாகக் காட்டுங்கள். சான்றிதழுக்காக வரும் செவ்வாய்க்கிழமை நான்காவது நடை. அது தம் வேலையில் சேராது என்றாலும், அன்றைக்குத் தாமும் கூட வருவதாகத் தன்னார்வலர் சொல்லியிருக்கிறார்.